பேழை அண்ணனும் காட்டுமாட்டின் ஜாதியும்

பழனி மலையில் புலிக்கும் பூனைக்கும் சம்பந்தம் பேசி, இரண்டு பக்கத்து உறவையும் நோவா காலத்திலிருந்து எடுத்துச் சொல்லி, அதைக் கேட்ட சுற்றுலாப் பயணிகளின் செலவிலேயே டீயும் குடித்த மனிதர் ஒருவர்தான் உண்டு. அவருடைய உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. டிரைவிங் லைசென்ஸில் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும். செக்போஸ்ட்டில் நிற்பவர்கள்கூட அதைப் பார்க்காமல், "என்ன பேழை, இன்னைக்கு எத்தன ஜோடி?" என்று கேட்டுவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் நான் வேலை பார்த்த டிராவல்ஸ் ஆபீஸில் மூன்று ஜீப்புகள் இருந்தன. இரண்டின் பின்பக்கம் முதலாளியின் பேரப்பிள்ளைகள் பெயர் இருக்கும். மூன்றாவதன் பின்பக்கம் சிவப்பு பெயிண்டில் பெரிதாக 'பேழை' என்று எழுதியிருக்கும். அதன் டிரைவரான இவர் முதலாளிக்குச் சொல்லாமல் எழுதியது. அவர் பார்த்தபோது பெயிண்ட் காய்ந்துவிட்டது. பைபிளில் வரும் நோவாவின் பேழை, விலங்குகளை ஜோடி ஜோடியாக ஏற்றிய அந்த மரக்கப்பல், உலகமே முழுகிய மழையைத் தாங்கியது என்பார்கள். எங்கள் பேழைக்குள் ஒரு தூறலுக்கே பின்சீட்டில் இருப்பவர் மடியில் சொட்டும். யாராவது முகம் சுளித்தால், "அந்தக் காலத்து ஆளுங்க எவ்வளவு கஷ்டப்பட்டாங்கன்னு தெரிய வேண்டாமா" என்று இவர் ஆறுதல் சொல்வார்.

என்னைப் பற்றி ஒரு பாராவில் சொல்லிவிடுகிறேன். நான் மலைக்கிராமமான பூண்டிக்காரி. எங்கள் வீட்டில் எல்லோரும் மலைப்பூண்டும் கேரட்டும் போடுகிறவர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போய் விலங்கியலில் பட்டம் வாங்கிய முதல் ஆளும் நானே. கடைசி ஆளாக இருக்க மாட்டேன் என்று தம்பியை மிரட்டி வைத்திருக்கிறேன். பட்டம் வாங்கி வந்த வாரத்தில் வீட்டுக் கோழிக்குக்கூட லத்தீன் பெயர் சொல்லித்தான் தீனி போட்டேன். டிராவல்ஸில் எனக்குக் கிடைத்த வேலையின் பெயர் இயற்கை வழிகாட்டி. ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து, வழியில் தென்படும் விலங்குகளைப் பற்றிப் பயணிகளுக்கு விளக்க வேண்டும். ஸ்டீயரிங் பிடிப்பவரும் ரொம்ப நாளாக அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார் என்பதை முதலாளி என்னிடம் சொல்லவில்லை.

முதல் நாளே மோதல். மன்னவனூர் போகிற ரோட்டில் ஒரு காட்டுப்பூனை குறுக்கே ஓடியது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அதன் லத்தீன் பெயரை ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அது பூனை ஜாதி தங்கச்சி. புலி, சிறுத்தை, இந்தக் காட்டுப்பூனை, இந்த அம்மா வீட்டு அடுப்படியில பால் குடிக்கிற பூனை, எல்லாம் ஒரே ஜாதி. நோவா அய்யா ஒரு ஜோடிதான் ஏத்துனாரு. தண்ணி வடிஞ்சு எறங்கினப்புறம் பெருகி, ஒண்ணு புலியாச்சு, ஒண்ணு பூனையாச்சு. ஒரே வயித்துல பொறந்து ஒருத்தன் கலெக்டர் ஆகல, ஒருத்தன் கண்டக்டர் ஆகல?"

பின்சீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். புலியும் பூனையும் ஒரே குடும்பம்தான், ஆனால் அவை பிரிந்து ஒரு கோடி வருடங்களாவது ஆகின்றன என்று நான் திருத்தினேன். "குடும்பம்னு ஒத்துக்கிட்டியா? அதத்தான நானும் சொல்றேன்" என்றார். வருடக் கணக்கை அவர் காதிலேயே வாங்கவில்லை. அன்று பயணிகள் இறங்கும்போது எனக்கு நன்றி சொன்னார்கள். அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பேழையில் அத்தனை விலங்கும் எப்படி இடம் பிடித்தன என்பது அவருக்குப் பிடித்த பாடம். அதை ஒரு லாரி ஆபீஸ் மேனேஜர் லோடு ஏற்றுவதைப் போல விளக்குவார். பெரிய மிருகத்தை எல்லாம் குட்டியாக ஏற்றினாராம் நோவா. குட்டிக்கு இடமும் கம்மி, தீனியும் கம்மி, தூக்கம் ஜாஸ்தி. ஒருமுறை கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு சிறுமி, யானையை எப்படி ஏற்றினார் என்று கேட்டாள். "குட்டியானையாத்தான் ஏத்துனாரு பாப்பா" என்றார். காய்கறி ஏற்றுகிற சின்ன வேனைத்தான் அவள் ஊரில் குட்டியானை என்பார்கள். நோவா கப்பலுக்குள் வேனை ஏற்றியதாக அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கும். அதற்கும் என் பெயர்தான் கெட்டிருக்கும்.

குரங்கு விஷயத்தில் மட்டும் விளையாட்டுக்கே இடமில்லை. ஜீப்பில் யாராவது, மனிதன் குரங்கிலிருந்து வந்தவன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்த வளைவாக இருந்தாலும் இன்ஜினை அணைத்துவிடுவார். கல்லூரிப் பையன்கள் கூட்டம் ஒன்று இப்படித்தான் வாய்விட்டு, நடு ஏற்றத்தில் உட்கார்ந்திருந்தது. பின்னால் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்தன. "ஒங்க தாத்தா குரங்கா இல்லையான்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க தம்பிகளா. பஸ்ஸுக்காரரு காத்துக் கெடக்காரு" என்றார் நிதானமாக. தாத்தா மனிதர்தான் என்று அவர்கள் ஒருமனதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் வண்டி நகர்ந்தது. கொடைக்கானலில் குளிருக்கு எல்லோரும் குரங்குக் குல்லா போடுவார்கள். அவரும் போடுவார். ஆனால் கடையில் போய், "ஒரு மனுஷக் குல்லா குடுங்க" என்றுதான் கேட்பார்.

அவரை மடக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மழைக்காலத்தில் ஒருநாள் என் காலில் ஏறியிருந்த அட்டையைக் காட்டி, "இதையுமா அண்ணே ஜோடியா ஏத்துனாரு? இதுல ஆண், பெண்ணே தனித்தனியாக் கிடையாதே" என்று கேட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. சில நாட்கள் பேச்சே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லி, அன்றைக்குக் கறிக்குழம்பு வைக்கச் சொன்னேன். அடுத்த வாரம் ஆபீஸ் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தங்கச்சி, அட்டைய நோவா அய்யா ஏத்தவே இல்ல. அது மாட்டுக் காலுல ஒட்டிக்கிட்டுத் தானா ஏறிருச்சு. டிக்கெட் எடுக்காம வந்த ஜாதி."

எங்கள் அப்பாவைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இறக்கிவிட வந்தவர், களத்தில் காய்ந்துகொண்டிருந்த பூண்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். அவர் வேதம் என்று சொல்கிற பழைய தமிழ் பைபிளில் செடிகொடிகளைப் பூண்டுகள் என்று எழுதியிருக்கிறார்கள். எல்லாச் செடிக்கும் அந்தக் காலத்தில் அதுதான் பெயர். அவருக்கு அந்த விளக்கம் எல்லாம் வேண்டாம். ஆண்டவர் உலகத்தைப் படைத்த மூன்றாம் நாளே மலைப்பூண்டு உண்டாகிவிட்டது, சூரியன் நாலாம் நாள்தான் உண்டானது, அதனால் பூண்டு சூரியனைவிட மூத்தது என்று அப்பாவுக்கு விளக்கினார். அப்பா வேறு சாமி கும்பிடுகிறவர். ஆனால் பூண்டுக்கு ஒருவர் மரியாதை கொடுத்தால் அது எந்தச் சாமி என்று பார்க்க மாட்டார். பயபக்தியோடு கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"வெயிலு இல்லாமப் பூண்டு அழுகிப் போகுமேய்யா?"

"ஒரே ஒரு நாளுதானங்க. தாங்கும்" என்றார் பேழை அண்ணன். அப்பா யோசித்துவிட்டு, ஒரு நாள் என்றால் தாங்கும்தான் என்று ஒப்புக்கொண்டார். என்னை மூன்று வருடம் விலங்கியல் படிக்க வைத்த மனிதர்.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது ஒரே ஒரு வார்த்தை. ஜாதி. பழைய வேதத்தில் மிருகங்களையும் பறவைகளையும் ஜாதி ஜாதியாகப் படைத்ததாக இருக்கிறது. எழுதியவர்கள் வகை என்ற பொருளில்தான் எழுதியிருக்கிறார்கள். நாமும் ஜாதிமல்லி என்கிறோம், ஜாதி நாய் என்கிறோம். ஆனால் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு மேஜைக்கு முன்னாலும் அந்த வார்த்தைக்குப் பதில் சொல்லியே வளர்ந்தவள் நான். ஜீப்புக்குள்ளும் அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

"இனம்னு சொல்லுங்கண்ணே."

"இனம்னா சொந்தக்காரங்க தங்கச்சி. என் இனஞ்சனமெல்லாம் பெருமாள்மலையில கெடக்கு. சிறுத்தையப் போயி எப்படிச் சொல்ல?"

"அப்ப வகைன்னு சொல்லுங்க."

"வகைன்னா சோத்துக்குத் தொட்டுக்கிறது."

வேதத்தில் இருக்கிற வார்த்தையை மாற்ற நான் யார், நீ யார் என்று முடித்துவிடுவார். அந்த வார்த்தையால்தான் அவருடைய பிழைப்புக்கே ஆபத்து வந்தது.

அது மே மாத சீசன். போன் எடுக்க ஆள் இல்லாததால் என்னை ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார்கள். பேழை தனியாகப் போனது. மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைப் பூண்டியில் ஒரு ஹோம்ஸ்டேயில் கொண்டுபோய் விட வேண்டும். கண்ணாடி போட்ட ஒரு பையன், அவன் மனைவி, கைக்குழந்தை, பையனின் அம்மா. ஜாதி விட்டு ஜாதி செய்துகொண்ட காதல் கல்யாணம். இரண்டு வருடமாகப் பேசாமல் இருந்த அம்மா, பேரப்பிள்ளை முகத்துக்காக முதல்முறையாக அவர்களோடு வெளியே கிளம்பியிருக்கிறார். வந்தாரே தவிர, மருமகள் கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், சொந்தமாக பிளாஸ்க்கும் பிஸ்கட்டும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பேழை அண்ணனுக்குத் தெரிந்ததெல்லாம் பின்சீட்டில் கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்பது மட்டும்தான்.

வழியில் ஒரு காட்டுமாடு ரோட்டில் நின்றிருக்கிறது. பக்கத்தில், காட்டெருமைகள் நடமாடும் பகுதி என்று ஒரு போர்டு. அந்த போர்டைக் கண்டாலே அவருக்கு ஆகாது. காட்டுமாடு மாட்டு ஜாதி, எருமை வேறு ஜாதி, போர்டு எழுதியவர் அதன் ஜாதியையே மாற்றி எழுதிவிட்டார் என்பது அவருடைய நெடுநாள் வழக்கு. இந்த ஒரு விஷயத்தில் என் பாடப்புத்தகமும் அவர் கட்சிதான். அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். பையன் அம்மாவுக்கு போர்டைப் படித்துக் காட்டியதும் இவர் ஆரம்பித்துவிட்டார். பேசும்போது தலைக்கு மேல் இருக்கும் வண்டிக் கண்ணாடி வழியாகப் பின்சீட்டைப் பார்த்துத்தான் பேசுவார். அது இன்னொரு கெட்ட பழக்கம்.

"மொதல்ல ஜாதி என்னன்னு கேக்கணும் சார். அதத் தெரிஞ்சுக்காம எதுவும் பேசக் கூடாது. ஜாதி விட்டு ஜாதி சேராது. ஆண்டவரு பிரிச்சு வச்சத யாராலயும் கலக்க முடியாது."

பின்சீட்டிலிருந்து அந்த அம்மா மட்டும் பேசியிருக்கிறார். "நல்லாச் சொன்னீங்க தம்பி. இதத்தான் நான் ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

எத்தனையோ வருட சேவையில் அவரோடு முழுதாக ஒத்துப்போன முதல் பயணி. அவருக்குத் தலைகால் புரியவில்லை. மாட்டுக்கும் எருமைக்கும் ஏன் ஆகாது என்று பூண்டி வரைக்கும் விளக்கியிருக்கிறார். மாடு என்ற வார்த்தையையும் எருமை என்ற வார்த்தையையும் அடிக்கடி விட்டுவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். சாயங்காலம் ஆபீஸுக்கு வந்தவர், "இன்னைக்கு ஒரு அம்மா வந்தாங்க தங்கச்சி. எம்புட்டு வேத ஞானம்! நீயும் இருக்கியே" என்றார்.

மறுநாள் காலையில் எங்கள் டிராவல்ஸின் இன்டர்நெட் பக்கத்தில் ஒரு ஸ்டாரோடு ஒரு ரிவியூ வந்திருந்தது. வண்டியில் ஏறியதும் டிரைவர் ஜாதி கேட்கிறார், கலப்புத் திருமணம் செய்தவர்களை முகத்துக்கு நேராக அவமானப்படுத்துகிறார், என் மனைவி ராத்திரி முழுக்க அழுதாள், யாரும் இங்கே புக் செய்யாதீர்கள் என்று இருந்தது. நான் அதை முதலாளிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோதே சென்னையிலிருந்து ஒரு பார்ட்டி போன் செய்து புக்கிங்கை ரத்து செய்தது. மதியத்துக்குள் இன்னொன்று.

முதலாளி கத்துகிறவர் இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

"ஏலே பேழை, ஒன் வாயிக்காக எத்தன நாளு பொறுத்திருக்கேன். இது ஜாதிப் பிரச்சினைலே. வெளையாட்டு இல்ல. பொழுது சாயறதுக்குள்ள அந்த ஆளே அத எடுக்கணும். இல்லைன்னா வண்டிச் சாவிய மேசை மேல வச்சிட்டு, நாளைக்கு வெள்ளனே கேரட் லோடுக்குப் போயிரு. ஏம்மா, நீயும் கூடப் போ. அவன் வாயத் தெறந்தா மூடு."

பூண்டிக்குப் போகும் வழியெல்லாம் அவர் சாதுவாக ஓட்டினார். நடந்தது என்ன என்று நான் சொல்லச் சொல்லத்தான் அவருக்கு விளங்கியது. "அந்தப் பிள்ள அழுதுச்சா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். கொஞ்ச தூரம் போய், "லோடு அடிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல தங்கச்சி. ஆனா கேரட்டுக்கிட்ட என்னத்தப் பேச?" என்றார்.

இன்று ஒருநாள் மட்டுமாவது ஜாதி என்ற வார்த்தையை வாயில் எடுக்காதீர்கள், இனம் என்றே சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். சரி என்றார். ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு, "மாட்டினம், பூனையினம், அட்டையினம்" என்று ஒப்பித்துக்கொண்டே வந்தார். பூண்டி வந்தபோது பாடம் நன்றாக ஏறியிருந்தது.

ஹோம்ஸ்டே முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில். மாமியார் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு மூலையில். பையன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நான் பேசத் தொடங்குவதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"ஸ்தோத்திரம் சார். ஒங்க இனத்தப் பத்தி நான் ஒண்ணுமே தப்பாச் சொல்லல."

பையனின் முகம் சிவந்தது. "நேத்து ஜாதி. இன்னைக்கு இனமா?"

"ஐயோ, நான் இல்ல சார். இந்தத் தங்கச்சிதான் இனம்னு சொல்லச் சொல்லுச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் படிப்பு என்னைக் காப்பாற்றாத தருணங்களில் அது ஒன்று. அவர் மூச்சுவிடாமல் காட்டுமாட்டின் கதையை முதலிலிருந்து சொன்னார். போர்டு, மாடு, எருமை, எல்லாம். சேராது என்று சொன்னது அவை இரண்டும்தான் என்றார். பையன் நம்பாமல் என்னைப் பார்த்தான். உண்மைதான், இவர் எல்லோரிடமும் இதைத்தான் சொல்வார், இவரோடு வேலை பார்ப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று ஆரம்பித்து, நான் என் சொந்தக் கதையையும் கொஞ்சம் சொல்லிவிட்டேன். அவன் முகம் லேசாக இளகியது. அந்த நேரத்தில்தான் மாமியார் வாயைத் திறந்தார்.

"மாட்டச் சொன்னா என்ன, மனுஷனச் சொன்னா என்ன? அவரு சொன்னதுல என்ன தப்பு? ஜாதி கலக்கக் கூடாதுன்னு வேதத்துலயே எழுதியிருக்குல்ல தம்பி?"

மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். பேழை அண்ணனோ திடுக்கிட்டுப் போய் நின்றார். தான் இத்தனை நாள் சொல்லி வந்த வேதத்தைத் தன் கண் முன்னாலேயே ஒருவர் தப்பாகச் சொல்கிறாரே என்ற திடுக்கிடல் அது.

"அம்மா, அது அப்படி இல்லம்மா. ஜாதி வேறயா, ஒண்ணான்னு எப்படிக் கண்டுபிடிக்கணும்னு நான் சொல்றேன். ஏரிக்கரையில குதிரை நிக்குதுல்ல? குதிரைக்கும் கழுதைக்கும் சேந்தா கோவேறு கழுதைன்னு ஒரு குட்டி பொறக்கும். குட்டி பொறந்துச்சுன்னா ரெண்டும் ஒரே ஜாதி. மாட்டுக்கும் எருமைக்கும் பொறக்கவே பொறக்காது. அதனால வேற ஜாதி." பிறகு குழந்தையைக் காட்டினார். "இங்கதான் பிள்ளையே இருக்கே."

நான் அவருடைய ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்தேன். தாமதமாகிவிட்டது.

"இதுல யாரு சார் கழுதை?" என்றான் பையன்.

"நீங்கதான்" என்றாள் மருமகள். நாங்கள் வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்துவிட்டான். மாமியார் சிரிக்கவில்லை.

"சிரிங்க, சிரிங்க. ஜாதி இல்லாம மனுஷன் உண்டா? எங்க ஊருல வந்து பாருங்க. தெருவுக்குத் தெரு இருக்கு."

பேழை அண்ணன் ஒரு நாற்காலியை இழுத்து அந்த அம்மாவுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தார். சாவி, முதலாளி, கேரட் லோடு எல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது. வேதத்தில் ஒரு தப்பு நடந்திருக்கிறது. அதைச் சரி செய்யாமல் அவரால் எழுந்திருக்க முடியாது.

"அம்மா, நான் ஒரு சாதாரண ஆளு. ஆனா அந்த மொத அதிகாரத்த எத்தன வாட்டி படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. செடிக்கு ஜாதின்னு எழுதியிருக்கு. மீனுக்கு எழுதியிருக்கு. பறவைக்கு எழுதியிருக்கு. ஊர்ந்து போற பூச்சிக்குக்கூட எழுதியிருக்கு. கடைசியா மனுஷன் வர்றான். அங்க அந்த வார்த்தையே இல்லம்மா. பூச்சிக்கு மறக்காதவரு மனுஷனுக்கு மறந்திருப்பாரா?"

அந்த அம்மா பிளாஸ்க்கை மடியில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெருவுக்குத் தெரு இருக்குன்னீங்கள்ல? அது எதுவும் பேழையில ஏறலம்மா. தண்ணி வடிஞ்சப்புறம் நம்மளாப் பண்ணிக்கிட்டது. பேழையில ஏறுன மனுஷங்க மொத்தமே எட்டுப் பேரு. நோவா அய்யா, அவரு வீட்டம்மா, மூணு பையங்க, மூணு மருமக. அந்த மூணு பேரும் எந்த வீட்டுப் பொண்ணு, எந்தத் தெருன்னு எங்கயும் எழுதல. பேருகூட எழுதல. கூட்டிக்கிட்டாங்க. தண்ணி வர்ற நேரத்துல மருமகள வெளிய நிறுத்திட்டாம்மா கதவச் சாத்துனாங்க?"

மருமகள் மடியிலிருந்த குழந்தை, பக்கத்தில் நின்ற என் துப்பட்டாவைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா பிளாஸ்க் மூடியைத் திருகினார். திரும்பத் திருகினார். கடைசியில் கேட்ட கேள்வியை நாங்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை.

"அத்தன நாளும் உள்ள யாரு சமைச்சா?"

பேழை அண்ணனுக்கு வாழ்நாளில் யாரும் கேட்காத கேள்வி. யானைக்குத் தீனி, பறவைக்குத் தானியம், சாணி அள்ளுவது எப்படி, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. அடுப்பைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. விழித்தார். "அது எழுதலையேம்மா" என்றார் ஈனக்குரலில்.

"ஆம்பளைங்க எழுதுனா அதுல அடுப்படி எப்படி இருக்கும்?" என்றார் அந்த அம்மா. "மருமகளுகதான் சமைச்சிருப்பாளுக. அந்த மாமியாக்காரி, தண்ணிக்கு நடுவுல வேற எங்க போயிச் சாப்பிடுவா?" பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "ஏத்தா, பிள்ளைய இங்க குடுத்துட்டு எல்லாருக்கும் ஒரு காப்பி போடு. எனக்கும் சேத்து."

மருமகள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. பையன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் வெகுநேரம் துடைத்தான். காப்பியில் சர்க்கரை கூடிவிட்டது. அந்த அம்மா அதைச் சொல்லவும் செய்தார். ஆனால் டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

நாங்கள் கிளம்புவதற்கு முன் பையன் போனை எடுத்து ரிவியூவை மாற்றி எழுதி எனக்குப் படித்துக் காட்டினான். இவர் ஜாதி பார்க்கிறவர் இல்லை, மிருகங்களுக்கு மட்டும்தான் பார்ப்பார், நோவாவின் மருமகள்கள் கதையைச் சொல்லி எங்கள் குடும்பத்துக்கு இவர் செய்தது பெரிய உதவி, வண்டியில் ஏறுகிறவர்கள் குரங்கைப் பற்றி மட்டும் பேச வேண்டாம் என்று இருந்தது. நான்கு ஸ்டார். ஒன்றை ஒழுகிய கூரைக்காகப் பிடித்துக்கொண்டான். பாதி வழியில் முதலாளியின் போன் வந்தது. திட்டுவாரோ என்று ஸ்பீக்கரில் போட்டேன். "வண்டிய வெரசாக் கொண்டாலே. நாளைக்குக் கிளாவரைக்கு ஒரு பார்ட்டி இருக்கு. அவங்களுக்கு அந்த மருமக கதையச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பேழை அண்ணன் பழைய ஆளாகிவிட்டார். மூடுபனி இறங்கியிருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு, வரையாடு எப்படி நம் மலைக்கு வந்தது தெரியுமா என்று ஆரம்பித்தார்.

"அராரத் மலையில பேழை நின்னுச்சுல்ல? எல்லாம் கீழ எறங்குச்சு. வரையாட்டுக்கு மட்டும் வெக்கை ஆகல. எறங்காம, மலை உச்சியிலேருந்து மலை உச்சிக்குத் தாவித் தாவியே வந்துச்சு. பழனி மலையில கால வச்சதும் இந்தக் குளிரு பிடிச்சுப் போச்சு. நின்னுக்கிருச்சு. சரிதான தங்கச்சி?"

என் பட்டப்படிப்பு முழுவதும் எழுந்து நின்று மறுத்தது. நடுவில் பாலைவனம் இருக்கிறது, சமவெளி இருக்கிறது, எலும்புச் சான்றுகள் இருக்கின்றன. எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். பதிலுக்காகக் காத்துக்கொண்டு, சண்டைக்குத் தயாராக, சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்.

"இருக்கும்ண்ணே" என்றேன்.

வண்டி சட்டென்று ஓரம் கட்டி நின்றது. அவர் கவலையோடு என் முகத்தைப் பார்த்தார். "ஒடம்புக்கு என்ன தங்கச்சி? காய்ச்சலா?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லியும் நம்பவில்லை. என் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பேசாமல் கண்ணை மூடிக்கொள் என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுத்தார்.

நான் கண்ணை மூடவில்லை. அன்றைக்கு நாயுடுபுரம் வரைக்கும் ரோட்டோரத்தில் கூட்டம் கூட்டமாகக் காட்டுமாடுகள் நின்றன. எனக்காக அந்த மனிதர் ஒன்றின் ஜாதியைக்கூடச் சொல்லவில்லை.